ஆலோசனைக்கு முன்னாடி பதிவு எண்ணைக் கேளுங்க
காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சீர்ப்பணத்த எதுல முதலீடு பண்றதுங்கறத அப்பச்சியோ அண்ணனோ பாத்துக்குவாகன்னு விட்டுடாம ஆச்சிகளே நீங்களே ஆலோசனை சொல்றவர்ட்ட நேர்ல உக்காந்து பேசுங்க. பேசப் போறவர்ட்ட மொதல்ல செபி (பங்குச் சந்தையக் கண்காணிக்கிற அமைப்பு) பதிவு எண் கேளுங்க, ஐஎன்ஏ (INA)ன்னு ஆரம்பிச்சா அவரு முதலீட்டு ஆலோசகர், ஃபீஸ் நம்மகிட்ட வாங்குவாரு, ஏஆர்என் (ARN) நம்பர் மட்டும் சொன்னா மியூச்சுவல் ஃபண்ட் விக்கிறவரு, கமிஷன் ஃபண்ட் கம்பெனி குடுக்கும், ரெண்டும் தப்பில்ல ஆனா யாரு காசுல பேசுறாருன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும்ல. ஐஎன்ஏ நம்பர செபி வெப்சைட்லயே சரிபாக்கலாம். மியூச்சுவல் ஃபண்ட்ல கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் 2013-லேர்ந்தே இருக்கு, அதையும் கேளுங்க. ஃபீஸ் கேஷா குடுக்காதீக, பேங்க் வழியாத்தான். "முதலீட்டுப் பணத்த என் அக்கவுண்ட்ல போடுங்க"ன்னு சொன்னா, சொந்தக்காரரா இருந்தாலும் எந்திரிச்சு வந்துருங்க.