பூனைக்குக் கசப்புக் குளிசை கொடுக்கும் முறை

யாழ்ப்பாணத்து வீடுகளில் பிள்ளைக்குக் கசப்பு மருந்து கொடுத்தால் கையோடு ஒரு பனங்கட்டித் துண்டும் கொடுப்போம். பூனையிடம் அது பலிக்காது. இனிப்பை உணரவேண்டிய மரபணு பூனைகளில் செயலிழந்து கிடப்பதை ஆய்வாளர்கள் 2005இல் கண்டறிந்தார்கள். கசப்போ அதற்கு நன்றாகவே தெரியும். ஆகவே சீனியையும் தேனையும் மறந்துவிடுங்கள். குளிசை நாக்கில் தங்கும் நேரத்தைக் குறைப்பதுதான் வழி.

முதலில் மீனால் முயலுங்கள். வைத்தியர் வெறும் வயிற்றில் கொடுக்கச் சொல்லியிருந்தால் மட்டும் இது வேண்டாம். அவித்த சூடை மீனை முள் நீக்கி மசித்து, மூன்று சிறு உருண்டைகள் பிடியுங்கள். குழம்பு மீனைக் கழுவி எடுக்காதீர்கள். வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பசி நேரத்தில் முதல் உருண்டையை வெறுமனே கொடுங்கள். இரண்டாவதற்குள் குளிசை. அதை வாயில் எடுத்தவுடன் மூன்றாவதை மூக்கருகே காட்டினால், அந்த அவசரத்தில் பெரும்பாலும் மெல்லாமலே விழுங்கிவிடும். முழுச் சாப்பாட்டிலும் மருந்தைக் கலக்க வேண்டாம். ஒருமுறை கசந்தால் அந்தச் சாப்பாட்டையே வெறுக்கும்.

மோந்து பார்த்து ஒதுக்கினால் கையால்தான் கொடுக்க வேண்டும். துவாயை விரித்து, பூனையை நடுவில் இருத்தி, தலை மட்டும் வெளியே தெரியச் சுற்றுங்கள். நான்கு கால்களும் உள்ளே இருக்கட்டும். பூனை பின்வாங்கித்தான் தப்பப் பார்க்கும். அதனால் அதன் முதுகு உங்கள் பக்கம் இருக்க வேண்டும். இடக்கையால் தலையை மேலிருந்து கன்ன எலும்புகளோடு பிடித்து, மூக்கு மேலே பார்க்கும்படி சரியுங்கள். கீழ்த்தாடை தளரும். வலக்கை நடுவிரலால் கீழ் முன்பற்களை அழுத்தித் திறந்து, நாக்கின் பின்பகுதியில் நட்டநடுவே குளிசையைப் போடுங்கள். நுனியில் விழுந்தால் துப்பிவிடும். வாயை மூடிப் பிடித்துத் தொண்டையைத் தடவுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கியிருக்கும்.

இதற்குப் பிறகு தண்ணீர் கொடுப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுவே மிக முக்கியமான படி. வெறும் குளிசை உணவுக்குழாயில் சிக்கி நிற்கக்கூடும். டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அங்கே தங்கினால் புண்ணாகி, குழாயே சுருங்கிவிடலாம். ஊசி இல்லாத சிரிஞ்சால் ஐந்தாறு மில்லிலீற்றர் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பால் வேண்டாம், அதிலுள்ள கல்சியம் இந்த மருந்தை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கும்.

தண்ணீரோ பாணி மருந்தோ கொடுக்கும்போது தலையை அண்ணாத்தாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கோரைப்பல்லுக்குப் பின்னால், கன்னத்தின் உட்பக்கமாக விடுங்கள். ஒவ்வொரு முறையும் விழுங்கும்வரை பொறுத்திருங்கள்.

கசப்புப் பட்டதும் வாயில் நுரை தள்ளும். பார்க்கப் பயமாக இருந்தாலும், பெரும்பாலும் அது வெறும் உமிழ்நீர்தான். துடைத்துவிட்டு, பிடித்த தீனி கொஞ்சம் வையுங்கள். மருந்து வெளியே போயிருந்தால் நீங்களாக மறுபடி கொடுக்காமல் மிருக வைத்தியரைக் கேளுங்கள்.

வீட்டிலிருக்கும் பனடோலை (பரசிற்றமோல்) மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு குளிசை பூனையின் உயிரைப் பறிக்கப் போதும்.

குளிசையைப் பொடியாக்கும் முன்பும் வைத்தியரைக் கேட்பது அவசியம். சிலவற்றின் மேலுறை கசப்பை அடக்கிவைத்திருக்கும்; பொடித்தால் கசப்பு இன்னும் கூடும். எந்த முறைக்கும் பூனை இணங்காவிட்டால், அதே மருந்து ஊசியாகக் கிடைக்குமா என்றும் அவரிடமே விசாரியுங்கள்.