ஓடாத வட்டைத் தூக்கிப் போடாதீர்கள்: எந்த ரகம் என்று கண்டுபிடிக்கும் முறை

அலமாரியின் அடித்தட்டில் ஒரு கட்டு சிடி, டிவிடி வட்டுகள் கிடக்கின்றன. சிலவற்றுக்கு உறை இல்லை, சிலவற்றில் எழுத்தே அழிந்துவிட்டது. எல்லாம் 12 செ.மீ. அகலம், 1.2 மி.மீ. தடிமன், நடுவில் ஒரே அளவு ஓட்டை. பிளேயரில் போட்டால் ஒன்று ஓடுகிறது, இன்னொன்று ஓட மறுக்கிறது. ஓடாததைக் கெட்டுப்போனது என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறோம். பல நேரம் வட்டில் ஒரு குறையும் இருக்காது. அது வேறு ரகம், அவ்வளவுதான்.

ஒரு மேசை விளக்கு, ஒரு மெல்லிய பருத்தித் துணி, டிவிடி டிரைவ் உள்ள ஒரு கணினி. இவை போதும்.

படி 1: விளிம்பைப் பாருங்கள்

வட்டைக் கண்ணுக்கு நேராகப் படுக்கை வசமாகப் பிடித்து, விளிம்பை விளக்கை நோக்கித் திருப்புங்கள். தடிமனின் சரிபாதியில் முடி போல ஒரு கோடு சுற்றிலும் ஓடுகிறதா? ஓடினால் அது டிவிடி அல்லது எச்டி டிவிடி (புளூ-ரேயோடு போட்டியிட்டுத் தோற்ற வடிவம்). கோடு இல்லாவிட்டால் சிடி குடும்பம் (படம் பதிந்த சிடியான விசிடி, அதன் மேம்பட்ட வடிவமான எஸ்விசிடி) அல்லது புளூ-ரே.

அந்தக் கோடு ஒரு சமாதான ஒப்பந்தத்தின் அடையாளம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1995இல் சிடி அளவு வட்டில் முழுப் படத்தையும் அடக்க இரண்டு திட்டங்கள் போட்டியிட்டன. சோனியும் பிலிப்ஸும் முன்வைத்தது எம்எம்சிடி. சிடி மாதிரியே 1.2 மி.மீ. ஒற்றைத் தகடு, 3.7 ஜிபி. தோஷிபா, டைம் வார்னர், மட்சுஷிடா (இன்றைய பானசோனிக்) உள்ளிட்ட அணியினர் கொண்டுவந்தது எஸ்டி (மெமரி கார்டு அல்ல, ‘சூப்பர் டென்சிட்டி’ வட்டு). 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை முதுகோடு முதுகாக ஒட்டிய வட்டு, ஒரு பக்கத்துக்கு 5 ஜிபி. பீட்டாமேக்ஸ், விஎச்எஸ் கேசட் சண்டையில் தோற்ற பக்கம் பெட்டி வாங்கியவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருந்தது. இதுவும் அப்படித்தான் முடியும் என்று பலரும் பயந்தார்கள்.

தடுத்தது கணினி நிறுவனங்கள். ஐபிஎம், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், காம்பேக், எச்பி ஆகியவை ஒன்றுகூடி, ஒரே வடிவம் வந்தால்தான் எங்கள் கணினியில் அதற்கு இடம் என்று சொல்லிவிட்டன. ஐபிஎம் தலைவர் லூ கெர்ஸ்ட்னர் நடுவே நின்று பேசினார். 1995 செப்டம்பரில் இரு அணிகளும் இறங்கி வந்தன. ஒட்டிய வட்டு தோஷிபா அணியுடையது. அதில் தகவலைப் பதியும் குறிமுறை சோனி, பிலிப்ஸ் பக்கத்தினுடையது. அந்தக் குறிமுறை கீறல்களை நன்றாகத் தாங்கும், ஆனால் கொஞ்சம் இடம் பிடிக்கும். 5 ஜிபி 4.7 ஆனது அதனால்தான். 1996 நவம்பரில் டிவிடி ஜப்பானில் கடைக்கு வந்தது. நீங்கள் இப்போது விளக்கொளியில் பார்க்கும் கோடு, அந்த இரண்டு தகடுகளும் ஒட்டிய இடம்.

படி 2: படிக்கும் பக்கத்தின் நிறம்

தொழிற்சாலையில் அச்சிட்ட சிடியும் டிவிடியும் வெள்ளி நிறம். இரண்டு அடுக்கு டிவிடியில் லேசாகப் பொன் நிறம் தெரியும், அதில் 8.5 ஜிபி வரை பிடிக்கும். வீட்டில் பதிந்த டிவிடி பெரும்பாலும் ஊதா. புளூ-ரே கருநீலச் சாயலில் இருட்டாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம், விளிம்போடு சேர்த்துப் பாருங்கள்.

உறை இருந்தால் இன்னும் சுலபம். புளூ-ரே உறை நீலம், எச்டி டிவிடி உறை சிவப்பு.

படி 3: கணினியில் போட்டு ஃபோல்டர் பெயரைப் படியுங்கள்

படத்தை ஓட்டப் பார்க்காதீர்கள். டிரைவைத் திறந்து உள்ளே என்ன ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். ‘எம்பெக்ஏவி’ (MPEGAV) என்று இருந்தால் 1993இல் வந்த விசிடி. ஒரு வட்டில் சுமார் 74 நிமிடம்தான் பிடிக்கும், அதனால்தான் ஒரு படம் இரண்டு, மூன்று வட்டுகளாக வந்தது. ‘வீடியோ_டிஎஸ்’ (VIDEO_TS) என்றால் டிவிடி. ‘பிடிஎம்வி’ (BDMV) என்றால் புளூ-ரே; ஆனால் அதைப் பார்க்க புளூ-ரே டிரைவ் வேண்டும். சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், புளூ-ரேக்கும் எச்டி டிவிடிக்கும் 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். டிவிடி டிரைவில் நீல ஊதா லேசர் கிடையாது என்பதால் அந்த இரண்டு வட்டுகளையும் அதனால் படிக்க முடியாது.

ஊதா வட்டு காலியாகத் தெரிகிறதா? அவசரப்படாதீர்கள். டிவிடி ரெக்கார்டரிலோ கேம்கார்டரிலோ பதிந்துவிட்டு ‘ஃபைனலைஸ்’ செய்யாமல், அதாவது மற்ற பிளேயர்களும் படிக்கும்படி பதிவை முடித்து மூடாமல் விட்டால் மற்ற பிளேயர்களுக்கு உள்ளே எதுவும் தெரியாது. எங்கள் குடும்ப வீடியோ ஒன்றைக் கெட்டுப்போனது என்று நான் பல வருடம் ஒதுக்கி வைத்திருந்தேன். பதிந்த அதே ரெக்கார்டரில் போட்டு ஃபைனலைஸ் செய்தபோது முழுதாக ஓடியது. அதற்காகவே பழைய ரெக்கார்டரை விற்றுவிட வேண்டாம் என்கிறேன். அப்புறம், கேம்கார்டரின் 8 செ.மீ. குட்டி வட்டைத் தட்டு வெளியே வரும் டிரைவில் மட்டும் போடுங்கள். உறிஞ்சி இழுக்கும் ரகத்தில் போட்டால் மாட்டிக்கொள்ளும்.

படி 4: துடைக்கும் முன் எந்தப் பக்கம் மென்மை என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிடியில் தகவல் அடுக்கு மேலே, லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது. லேபிள் பக்கம் ஆழமாகக் கீறினால் திரும்பக் கிடைக்காது. டிவிடியில் அது தடிமனின் நடுவில் பத்திரமாக இருக்கிறது. புளூ-ரேயில் படிக்கும் பக்கத்திலிருந்து வெறும் 0.1 மி.மீ. ஆழத்தில், அதனால்தான் மேலே கடினமான பூச்சு. எதுவானாலும் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் பதிவின் தடத்தோடேயே ஓடும். அதைச் சரிசெய்வது பிளேயருக்குக் கடினம்.

இந்த 0.1 மி.மீ. விஷயம்தான் அடுத்த சண்டைக்குக் காரணம். தகவல் அடுக்கு மேற்பரப்புக்கு அருகில் இருந்தால் லேசரை இன்னும் நுண்ணிய புள்ளியாகக் குவிக்கலாம். சோனி, பானசோனிக் அணியின் புளூ-ரே அப்படித்தான் ஓர் அடுக்கில் 25 ஜிபி பிடித்தது. தோஷிபாவின் எச்டி டிவிடி, டிவிடி போலவே 0.6 மி.மீ. ஆழத்தை வைத்துக்கொண்டு 15 ஜிபியில் நின்றது. டிவிடி அச்சிடும் இயந்திரங்களைச் சிறு மாற்றத்தோடு பயன்படுத்தலாம் என்பது அவர்கள் வாதம். இரண்டு வாதத்திலும் நியாயம் இருந்தது. 2005இல் ஒன்றாக்கப் பேசிப் பார்த்தார்கள், முடியவில்லை. 2006இல் இரண்டுமே கடைக்கு வந்தன. பாரமவுண்ட் ஒரு பக்கம், டிஸ்னி மறுபக்கம் என்று ஸ்டூடியோக்கள் பிரிந்ததால், பிடித்த படமெல்லாம் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பிளேயர் வேண்டும் என்ற நிலை. 2008 ஜனவரி 4 அன்று வார்னர் புளூ-ரே பக்கம் சாய்ந்தது; பிப்ரவரி 19 அன்று தோஷிபா விலகியது. 1995இல் உட்கார்ந்து பேசியதுபோல இதிலும் பேசி முடித்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. வட்டு வாங்கியவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

படி 5: பிராந்தியக் குறி

வட்டு உலகின் எந்தப் பகுதிக்கானது என்பதைக் காட்டும் குறி இது. உறையின் பின்புறம் சிறிய உலக உருண்டை படமும் அதில் ஓர் எண்ணும் இருக்கும். டிவிடியில் 1 முதல் 6 வரை. புளூ-ரேயில் ஏ, பி, சி. பிளேயரின் குறியோடு பொருந்தாவிட்டால் வட்டு நல்ல நிலையில் இருந்தாலும் ஓடாது. எச்டி டிவிடிக்கும் 4கே புளூ-ரேக்கும் இந்தத் தொல்லை இல்லை.

படி 6: எதை முதலில் காப்பாற்றுவது?

வீட்டில் பதிந்தவை முதலில். அவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது, சாயம் மங்கிக்கொண்டே போகும். பூட்டும் இருக்காது என்பதால் ஃபோல்டரை அப்படியே கணினியில் நகலெடுத்தால் போதும், விஎல்சி என்ற இலவச பிளேயர் மென்பொருள் அதை ஓட்டும். விலைக்கு வாங்கிய படங்களில் நகல் தடுப்பு உண்டு. அதை நீக்குவது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வாங்கிய டிவிடி, விசிடி அவசரமில்லை. பெரும்பாலான புளூ-ரே பிளேயர்கள் டிவிடியையும் ஓட்டும்.

எச்டி டிவிடி இருந்தால்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360 என்ற வீடியோ கேம் பெட்டிக்காக விற்ற தனி எச்டி டிவிடி டிரைவை யூஎஸ்பி வழியாகக் கணினியில் இணைக்கலாம். எல்ஜியின் பழைய கணினி டிரைவ்களில் சில, புளூ-ரே, எச்டி டிவிடி இரண்டையும் படிக்கும். இவை பழைய பொருள் விற்பவர்களிடம்தான் கிடைக்கும். தேடக் கிளம்பும் முன் வட்டைத் திருப்பிப் பாருங்கள். லேபிளே இல்லாமல் இரண்டு பக்கமும் பளபளப்பாக இருந்தால், அது ஒரு பக்கம் எச்டி டிவிடியும் மறுபக்கம் சாதாரண டிவிடியுமான ‘காம்போ’ வட்டாக இருக்கலாம். நடு ஓட்டையைச் சுற்றிப் பொடி எழுத்தில் எந்தப் பக்கம் எது என்று போட்டிருக்கும். டிவிடி பக்கத்தைக் கீழே வைத்து, உங்களிடம் இருக்கும் சாதாரண பிளேயரில் போடுங்கள்.