உயர்தரம் இரண்டாம் தடவை எழுதுவோர் முதலில் போடவேண்டிய கணக்கு

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் எத்தனை ஏ, எத்தனை பீ என்று எண்ணுவதை விடுங்கள். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது, மற்றப் பரீட்சார்த்திகளோடு ஒப்பிட்டுக் கணிக்கும் இசட் புள்ளி. விரும்பிய பாடநெறிக்கு உங்கள் மாவட்டத்தின் கடந்த மூன்று நான்கு வருட வெட்டுப்புள்ளிகளை (அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளிகளை) எடுத்து, உங்களுக்கு எவ்வளவு குறைகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். 0.05 குறைந்தவருக்கும் 0.6 குறைந்தவருக்கும் ஒரே திட்டம் சரிவராது.

“இரசாயனவியல்தான் காலை வாரியது, அதை மட்டும் எழுதுவோம்” என்று சிலர் விண்ணப்பித்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு மூன்று பாடங்களும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும். அனுமதிக்குக் கணக்கெடுப்பதும் மூன்று தடவைகளை மட்டுமே. ஒரு பாடத்துக்குத் தோற்றினாலும் ஒரு தடவை போய்விடும். ஆகவே எழுதுவதானால் மூன்றையும் எழுதுங்கள். உயர்தரத்தோடு நடக்கும் பொதுச் சாதாரண பரீட்சையில் (Common General Test) 30 புள்ளி எடுக்காதவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனிக் கணக்கு. ஒரு பாடத்தின் இசட் புள்ளி என்பது உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையை, அதாவது எல்லோருடைய சராசரிப் புள்ளியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவால்) வகுத்தால் வருவது. மூன்று பாடங்களின் சராசரிதான் இறுதி இசட். இடை 40, நியம விலகல் 15 என்றால் 70 புள்ளிக்கு 2.0 கிடைக்கும், அடுத்த வருடம் இடை 50 ஆகிவிட்டால் அதே 70க்கு 1.33தான். போன தடவை எடுத்த புள்ளி இந்தத் தடவையும் அதே இடத்தைத் தரும் என்று நம்பக் கூடாது. இதே எடுகோளில் ஒரு பாடத்தில் 15 புள்ளி கூட்டினால் இறுதி இசட் ஏறக்குறைய 0.33 ஏறும். ஏற்கெனவே 80 எடுத்த பாடத்தில் இன்னும் 15 கூட்டுவது மிகக் கடினம். 45 எடுத்த பாடத்தில் முடியும். இருந்தும் பலர் பிடித்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். அது சுகமான வேலை, அவ்வளவுதான்.

புள்ளி எங்கே போனது என்று கண்டுபிடிக்க ரியூசன் குறிப்புகளைவிடப் பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகள் உதவும். எந்த வினாவில் பெரும்பாலானோர் சறுக்கினார்கள், பல்தேர்வில் எந்தப் பிழையான விடையை எத்தனை வீதத்தினர் தெரிவுசெய்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். ஒரு கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்து எழுதி, புள்ளித் திட்டத்தை வைத்து நீங்களே திருத்துங்கள். தெரியாமல் விட்டது, தெரிந்தும் நேரம் போதாமல் விட்டது, படிமுறை எழுதாமல் இழந்தது என்று மூன்றாகப் பிரியுங்கள். இரண்டாம் தடவைக்காரரிடம் பின்னிரண்டும் நாம் நினைப்பதைவிட அதிகமாக இருக்கும். பௌதிகவியல் பல்தேர்வில் 50 வினாக்களுக்கு 2 மணித்தியாலம், அதாவது ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். இணைந்த கணிதத்தில் ஒவ்வொரு தாளிலும் பகுதி அ-வின் 10 சிறு வினாக்கள் மொத்தப் புள்ளியில் கால்வாசி. பகுதி ஆ-வில் 7இல் 5 செய்தால் போதும். பகுதி அ-வில் ஒரு வினாவில் சிக்கி அரை மணித்தியாலத்தை இழப்பவர், ஆ-வில் ஒரு முழு வினாவைத் தொடாமலே எழும்ப வேண்டிவரும்.

நேரமும் குறைவு. 2024 உயர்தரப் பெறுபேறு 2025 ஏப்ரலில்தான் வந்தது. அடுத்த பரீட்சை நவம்பரில் தொடங்கியது. வெட்டுப்புள்ளி வரட்டும் என்று காத்திருந்தால் அந்த இடைவெளியும் கரைந்துவிடும். மீள்பரிசீலனைக்கு விண்ணப்பித்திருந்தாலும் புதிய பரீட்சைக்கான விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டுக்கும் முடிவுத் திகதி வேறு வேறு.

பாடசாலையை விட்டு விலகியவர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் திணைக்கள இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி அட்டை தபாலில் வரும் என்பதால் தற்காலிக விடுதி முகவரி கொடுக்காதீர்கள். அட்டை வந்ததும் பெயர், பாடம், மொழிமூலம் மூன்றையும் சரிபார்த்துக் கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்துங்கள்.

முதல் பெறுபேற்றுக்கு ஏதாவது ஒரு பாடநெறி கிடைத்துவிட்டால், பதிவு செய்யும் முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கைநூலை வாசியுங்கள். பதிந்தவர் பிந்திய பெறுபேற்றை வைத்து வேறு பாடநெறிக்கு மாறுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு.