எலெக்ட்ரிக் வண்டிக்கு ஸ்பேர் பேட்டரி: மலையில் ஓட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

குன்னூரில் எங்கள் பட்டறைக்கு, கண்ட்ரோலர் (பேட்டரிக் கரண்டை மோட்டாருக்கு அளந்து விடும் பெட்டி) போய்விட்டது என்று தள்ளிக்கொண்டு வரும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரே கதைதான். ஏற்றத்தில் சார்ஜ் நிற்கவில்லை, ஸ்பேர் பேட்டரி வாங்கினோம், கொஞ்ச நாள் ஓடியது, அப்புறம் செத்துவிட்டது. வேலை பழக வருகிற பையன்களும் இதையேதான் செய்கிறார்கள். ப்ளஸ் மைனஸை மாற்றாதே, கனெக்டரை மழையில் நனைய விடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஸ்டிக்கரில் இருக்கும் வோல்டை நம்பி வாங்குவது

பேட்டரியில் 48, 60 என்று ஒட்டியிருப்பது பேருக்கு ஒரு கணக்கு. கண்ட்ரோலர் தாங்க வேண்டியது முழு சார்ஜ் வோல்டை. 48 வோல்ட் என்று விற்கும் லித்தியம் பேக்கில் 13 செல் ஒன்றன்பின் ஒன்றாக (சீரிஸில்) இருந்தால் முழு சார்ஜில் 54.6 வோல்ட்; 14 இருந்தால் 58.8. எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் 16 என்றால் 58.4. 60 வோல்ட் பேக்கில் சாதா லித்தியம் செல் 16 சீரிஸில் இருந்தால் 67.2, 17 என்றால் 71.4.

48 வோல்ட் கண்ட்ரோலர்கள் பலவற்றில், பேட்டரி ஒயர் வந்து சேரும் இடத்தில் நிற்கிற பெரிய கெப்பாசிட்டரின் மேல், அது தாங்கும் உச்சமாக, 63 வோல்ட் என்றுதான் அச்சாகியிருக்கும். 67ஐ அது எப்படித் தாங்கும்?

கோத்தகிரி பக்கத்துத் தம்பி ஒருவன், டீ ஃபேக்டரி வேலைக்குப் போய்வர 48 வோல்ட் வண்டி வைத்திருந்தான். கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் கிடைத்த 60 வோல்ட் பேக்கை வாங்கி மாட்டிவிட்டான். "ஓடுச்சுண்ணே, பிக்கப்பும் நல்லா இருந்துச்சு" என்றான். ஓடியிருக்கும். வாங்கும்போது பேக் முக்கால்வாசி இறங்கி 57 வோல்ட் போலத்தான் இருந்திருக்கும். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் சாவியைத் திருப்பியதும் பட்டென்று வெடித்திருக்கிறது.

திறந்து பார்த்தேன். கெப்பாசிட்டரின் தலை உப்பிப் பிளந்து, உள்ளிருந்தது பழுப்பாகக் கசிந்து போர்டில் ஒட்டியிருந்தது. மாஸ்ஃபெட்டும் (மோட்டாருக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஷார்ட். தள்ளினால் பின்சக்கரம் இழுத்துப் பிடித்தது. (இப்படி ஆனால் மோட்டார் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். மோட்டாருக்குப் போகும் மஞ்சள், பச்சை, நீலம் மூன்று ஃபேஸ் ஒயரையும் கழற்றி, ஒன்றோடொன்று படாமல் வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் போனது கண்ட்ரோலர்தான்.) வீட்டு வாசலில் நடந்ததால் பிழைத்தான். மேட்டுப்பாளையம் இறக்கத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில் அந்தச் சக்கரம் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

கோபம் அந்தத் தம்பி மேல் இல்லை. என்ன வண்டி, என்ன கண்ட்ரோலர் என்று ஒரு வார்த்தை கேட்காமல், "போடு தம்பி, ஸ்பீடு வரும்" என்று விற்றவர் மேல்தான். ஸ்பீடு வரும், உண்மைதான். வோல்ட் ஏறினால் மோட்டார் சுற்றும் வேகமும் ஏறும். ஆனால் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள் இருப்பதால்தான் அந்த மாதிரி வண்டிக்கு நம்பர் பிளேட்டும் லைசென்ஸும் கேட்பதில்லை. வரம்பைத் தாண்டிய வண்டி விபத்தில் மாட்டினால் பதில் சொல்ல வேண்டியது ஓட்டியவர்.

பேக்கின் முழு சார்ஜ் வோல்ட் தெரிய வேண்டுமா, அதற்கென்று வந்த சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். அவுட்புட் என்று போட்டிருப்பது அதுதான். பழைய பேக்கின் சார்ஜரில் இருக்கும் எண்ணும் புதியதில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை. புதியது கூடுதல் என்றால், பேட்டரியைக் கழற்றிவைத்து, கெப்பாசிட்டரில் தேங்கிய சார்ஜ் இறங்கிய பிறகு கண்ட்ரோலரைத் திறந்து, கெப்பாசிட்டர் மேல் இருக்கும் வோல்டைப் பார்க்க வேண்டும். ரெசின் ஊற்றி மூடியிருந்து அதைப் படிக்க முடியாவிட்டால் அந்தப் பேக்கே வேண்டாம்.

கட் ஆஃப் பார்க்காமல் விடுவது

இது தலைகீழ்த் தவறு: 60 வோல்ட் கண்ட்ரோலரில் 48 வோல்ட் பேக். எதுவும் வெடிக்காது. ஆனால் ஐந்து 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக் கணக்கில் செய்த கண்ட்ரோலர், வோல்ட் 52, 53க்கு இறங்கியதுமே கட் ஆகிவிடும். 54.6ல் கிளம்பி, அரவங்காடு ஏற்றத்தில் முறுக்கியதும் வோல்ட் அமுங்கி வண்டி நின்றுவிடும். மார்கழி, தை மாதக் குளிரில் செல்லின் உள்தடை கூடுவதால் இன்னும் சீக்கிரம் நிற்கும்.

இரண்டு பேக்கையும் பேரலலாக இணைப்பது

வேண்டாம். ஒன்று 54லும் மற்றது 48லும் இருந்தால் நிறைந்ததிலிருந்து காலியானதற்குக் கரண்ட் பாய்ந்து ஒயர் உருகும். ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டுங்கள்.

ஒரே சார்ஜரை இரண்டுக்கும் போடுவது

58.8 வோல்ட் சார்ஜரை 13 செல் பேக்கில் செருகினால் தடுக்க பி.எம்.எஸ். (பேக்குக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு) மட்டும்தான் இருக்கிறது. அதுவும் பழுதென்றால் தீ.

உறைபனி இரவில் ஷெட்டில் சார்ஜ்

0 டிகிரிக்குக் கீழே லித்தியம் செல்லை சார்ஜ் செய்யவே கூடாது. தலைக்குந்தா பக்கம் இருப்பவர்கள் பேக்கை வீட்டுக்குள் எடுத்துவந்து, குளிர் விட்ட பிறகு போடுங்கள்.

நிறைந்த பேட்டரியோடு இறங்குவது

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். ரீஜென் (வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே கரண்ட் உண்டாக்குவது) உள்ள வண்டி இறங்கும் வழியெல்லாம் பேட்டரிக்குள் கரண்டைத் தள்ளிக்கொண்டே வரும். உள்ளே இடமில்லை என்றால் பி.எம்.எஸ். துண்டித்துவிடும். அந்த நொடியில் மோட்டார் பிரேக் கைவிடும், எகிறும் வோல்ட் அந்த 63 வோல்ட் கெப்பாசிட்டர் மேல் போய் விழும். கீழே போகிற நாளில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துங்கள். ஸ்பேர் கையில் இருந்தால் பாதி இறங்கிய பேக்கை மாட்டிக்கொண்டு இறங்கி, நிறைந்ததைத் திரும்பி ஏறுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.