கண்ணாடி போல் பளபளக்கும் ஹெட்டை நம்பாதீர்கள்: பழைய டீசல் எஞ்சினுக்கு மாற்று ஹெட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் செகாம்புட்டில் உள்ள என் பட்டறையில் ஐந்தாண்டுகள் வேலை கற்று, இப்போது ரவாங்கில் தனியாகக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அரிசிச் சாக்கில் சுற்றிய சிலிண்டர் ஹெட் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். மிட்சுபிஷி 4டி56 டீசல் எஞ்சினுக்கு உரிய ஹெட் அது; பிளாக்கின்மேல் உட்காரும் அதன் அடிப்பக்கத்தைத்தான் நாங்கள் முகம் என்போம். "அண்ணே, முகத்தைப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. எழுநூறு வெள்ளிதான்" என்றார். ஏறக்குறைய அதே சொற்களை 2006ஆம் ஆண்டில் நான் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி எனக்குக் கவலையையே தந்தது.

புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் பலரும் நான் செய்த தவறுகளையே மறுபடி செய்வதைப் பார்க்கிறேன். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் வைக்கும் கேஸ்கெட்டைத் திருப்பிப் போடுவது, போல்ட்டுகளை வரிசை தவறி முறுக்குவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை ஒருவர் ஒரு முறை செய்தால் மறுமுறை செய்யமாட்டார். ஹெட்டைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகள் அப்படிப்பட்டவையல்ல. எஞ்சின் ஓடத் தொடங்கி, வாடிக்கையாளர் பணம் கொடுத்துப் போய், சில வாரங்கள் கழிந்த பிறகே அவை வெளியே தெரியும்.

பழைய ஹெட் ஏன் போனது என்று கேட்காமல் இருப்பது

வால்வுகளுக்கு இடையே விரிசல் விட்ட ஹெட்டைக் கழற்றியதும் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மாற்று ஹெட்டைத் தேடிக் கடை கடையாக அலைவதே பலரின் வழக்கம். விரிசல் தானாக வருவதில்லை. அடைத்துப்போன ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப், வெறும் குழாய்த் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றியதால் படிந்த துரு, நேரம் தவறிப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அந்த ஹெட்டைக் கொன்றிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் போடும் இரண்டாவது ஹெட்டும் அதே வழியில் போய்ச் சேரும். இரும்பு பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருக்கும் எஞ்சின்களில் இது இன்னும் முக்கியம். சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால், வெப்பம் அளவு மீறும்போது முதலில் அடிவாங்குவது ஹெட்தான்.

வண்டியின் பெயரைச் சொல்லி ஹெட் கேட்பது

"ஹைலக்ஸ், டூ எல்" என்று சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். டொயோட்டாவின் பழைய 2எல் எஞ்சினில் கேம் தண்டு ராக்கர் என்னும் நெம்புகோல் வழியாக வால்வுகளைத் திறக்கும். பின்னர் வந்த 2எல்-2 எஞ்சினில் கேம் நேரடியாக வால்வின் தலையில் உள்ள பக்கெட் என்னும் கிண்ண வடிவ மூடியை அழுத்தும். இரண்டும் 2,446 சிசி என்பதால் கடைக்காரர் ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. இசூசு 4ஜேஏ1, 4ஜேபி1 இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 93 மில்லிமீட்டர்தான். பிஸ்டன் ஏறியிறங்கும் தூரமான ஸ்ட்ரோக் மட்டும் 92, 102 என்று வேறுபடுகிறது. ஹெட்டைக் கையில் வைத்துப் பார்த்து எது எது என்று சொல்லிவிடலாம் என நம்புவது ஆபத்து.

நம் ஊரில் இருபது ஆண்டுக்கு மேல் ஓடிய பிக்கப், லாரிகளில் எத்தனை வண்டிகள் முதலில் வந்த எஞ்சினோடு ஓடுகின்றன என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்து, அது வாகனத்தின் கெரானில் (பதிவு ஆவணத்தில்) உள்ள எஞ்சின் எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே கடைக்குப் போன் செய்யுங்கள். கழற்றிய பழைய ஹெட்டையும் கூடவே எடுத்துப் போங்கள்.

முகம் பளபளக்கிறது என்பதற்காக வாங்குவது

இதைப் பற்றி எழுதவே இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன்.

2006இல் கேமரன் மலையிலிருந்து செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் ஓர் ஐயாவின் மிட்சுபிஷி ஸ்டோர்ம் என் பட்டறைக்கு வந்தது. ரேடியேட்டர் அடைத்து, ஹெட் விரிசல் விட்டிருந்தது. புதிய ஹெட் வாங்க அவரிடம் பணம் போதவில்லை. கிள்ளான் பக்கத்தில் ஹாஃப் கட் (பாதியாக வெட்டிய பழைய வண்டிகளின்) சாமான் விற்கும் ஒரு கடையில் 650 வெள்ளிக்கு ஒரு ஹெட் கிடைத்தது. சுத்தமாகக் கழுவி, பக்கவாட்டில் வெள்ளி நிறப் பூச்சு அடித்து, அடிப்பக்கத்தை முகம் பார்க்கும் அளவுக்குச் சீவி வைத்திருந்தார்கள். அந்தப் பளபளப்பை நான் தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன். உண்மையில் அது ஒரு கேள்வியை எழுப்பியிருக்க வேண்டும்: ஓடிக் கழன்ற ஹெட்டின் முகம் இவ்வளவு புதிதாக இருக்கிறது என்றால், இதிலிருந்து எவ்வளவு சீவி எடுத்திருக்கிறார்கள்?

பொருத்தியதும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. சூடாவதற்கு முன்பு மட்டும் மெல்லிய 'டிக் டிக்' ஒலி கேட்டது. வால்வு இடைவெளிதான் காரணம் என்று எண்ணி மறுபடி சரிசெய்தேன். ஒலி குறைந்ததே தவிர போகவில்லை. வண்டியைக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது வாரம், முட்டைக்கோசும் தக்காளியும் நிறைய ஏற்றிக்கொண்டு ரிங்லெட்டிலிருந்து தாப்பாவை நோக்கி இரவில் இறங்கும்போது, இரண்டாம் கியரில் எஞ்சினை வைத்தே வேகத்தை அடக்கிய இடத்தில் மூன்றாம் சிலிண்டரின் வால்வு உடைந்தது. அன்றைய காய்கறி சந்தைக்கு வந்து சேரவில்லை.

ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது கண்ட காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்றாம் பிஸ்டன் நொறுங்கியிருந்தது. உடையாத மற்ற மூன்று பிஸ்டன்களின் கரிபடிந்த மேல்முகத்திலும், நகத்தால் அழுத்தியதுபோல் பிறை வடிவத்தில் பளிச்சென்ற இரண்டிரண்டு தடங்கள் இருந்தன. ஒவ்வொரு முறையும் வால்வின் விளிம்பு பிஸ்டனைத் தொட்டுத் தொட்டு மீண்டிருக்கிறது. நான் கேட்ட 'டிக் டிக்' அதுதான். பிறகுதான் வெர்னியர் அளவுகோலை எடுத்து ஹெட்டின் உயரத்தை அளந்தேன். 4டி56 ஹெட் புதிதாக வரும்போது உயரம் 94 மில்லிமீட்டர், 0.1 மில்லிமீட்டர் கூடலாம் குறையலாம். என் கையில் இருந்தது 93.3. அந்த வெர்னியர் ஹெட் வாங்கிய நாளிலும் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. பிஸ்டன், வால்வு, இன்னொரு ஹெட், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரம் வெள்ளிக்கு மேல் என் கைப்பணம் போனது. அந்த ஐயாவுக்கு மூன்று வார வருமானம் போனது. அதற்கு நான் ஈடு கட்டவே முடியவில்லை.

மிட்சுபிஷியின் பழுதுபார்ப்புக் கையேடு ஹெட், பிளாக் இரண்டையும் சேர்த்து 0.2 மில்லிமீட்டருக்கு மேல் சீவக்கூடாது என்கிறது. டீசல் எஞ்சினில் இந்த அளவு ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் ஹெட்டுக்குள் குழிந்த அறை இருக்கும். கொஞ்சம் சீவினால் அழுத்தம் சற்றுக் கூடும், அவ்வளவே. பழைய டீசலில் ஹெட்டின் முகம் தட்டையாகவும், வால்வுகள் அந்த முகத்திற்கு ஒட்டியும் இருக்கும். பிஸ்டன் மேலே வரும்போது இரண்டுக்கும் இடையே மிஞ்சும் இடம் மிகச் சிறியது. 0.7 மில்லிமீட்டர் சீவிவிட்டு, வால்வு மூடி உட்காரும் சீட்டை அதற்கு ஏற்ப ஆழப்படுத்தாவிட்டால், வால்வு அந்த அளவுக்குப் பிஸ்டனை நெருங்கிவிடும். சீட்டை ஆழப்படுத்தினாலோ வால்வின் தண்டு மேலே உயரும், ஸ்பிரிங்கின் அழுத்தம் குறையும், ராக்கரின் கோணமும் மாறும். இதற்கு மேல் ஹெட் கீழே இறங்குவதால் கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள தூரம் குறைந்து, டைமிங் பெல்ட்டின் வழியே வால்வு திறக்கும் நேரமும் சற்று நகர்ந்துவிடும். 4டி56 போன்ற எஞ்சின்களில் ஹெட்டில் பதித்திருக்கும், எரிபொருள் எரியத் தொடங்கும் சுழல் அறையின் மூடியும் சேர்ந்து சீவப்பட்டுத் தேய்ந்துவிடுகிறது.

இன்னொன்றையும் நான் அப்போது அறியவில்லை. வெப்பத்தில் வளைந்த ஹெட் முழுவதுமாகத்தான் வளைகிறது. அடிமுகத்தைச் சீவி நேராக்கினால், மேலே கேம் தண்டு உட்காரும் இடங்கள் வளைந்தபடியே இருக்கும். சீவும் இயந்திரம் அதைத் தொடுவதே இல்லை. ஆகவே பழைய ஹெட் எதை வாங்கினாலும், வால்வு, ராக்கர் எதுவும் போடாமல், கேம் தண்டை மட்டும் எண்ணெய் தடவி வைத்து, அதை மேலிருந்து பிடிக்கும் கேப்புகளை முறையாக முறுக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் அந்த ஹெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சீவியவர் எவ்வளவு நேர்த்தியாகச் சீவியிருந்தாலும் பரவாயில்லை.

குளிர்ந்த ஹெட்டில் காற்று அடித்துச் சோதிப்பது

நீர்த் துவாரங்களை அடைத்து, காற்று ஏற்றி, தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. ஆனால் சில விரிசல்கள் குளிரில் மூடிக்கொண்டு, எஞ்சின் ஓடும் சூட்டில்தான் திறக்கும். சான் சோவ் லின் பகுதியில் ஹெட் வேலை செய்பவர்களிடம் கொடுக்கும்போது, சுமார் 80 டிகிரி வெந்நீரில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஒரு குமிழியும் விடாத ஹெட், வெந்நீரில் குளோ பிளக் துவாரத்தின் ஓரத்திலிருந்து வரிசையாகக் குமிழி விட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

கேம் கேப்புகளைக் கலந்து போடுவது

அவை அந்தந்த ஹெட்டோடு சேர்த்துக் கடையப்பட்டவை. வேறு ஹெட்டின் கேப்பு பொருந்தாது.

வெறும் ஹெட்டின் விலையை முழு விலையாக எண்ணுவது

புதிய ஹெட் இரண்டு விதமாக விற்கப்படுகிறது. ஒன்று வால்வு, ஸ்பிரிங், கேம் எல்லாம் பூட்டியது. மற்றொன்று வெறும் வார்ப்பு. வெறும் ஹெட் மலிவாகத் தோன்றும். பழைய வால்வுகளின் தண்டு தேய்ந்திருந்தால் அவற்றைப் புதிய கைடில் (தண்டு ஏறியிறங்கும் குழாயில்) போட முடியாது. சீட்டோடு சேர்த்து உரசி உட்கார வைக்கும் வேலையும் தனி. வாடிக்கையாளரிடம் விலை சொல்வதற்கு முன் இவை அனைத்தையும் கூட்டிப் பாருங்கள்.

கேஸ்கெட்டைக் கண்ணால் தேர்ந்தெடுப்பது

இசூசு 4ஜேபி1 போன்ற எஞ்சின்களுக்கு ஹெட் கேஸ்கெட் பல தடிப்புகளில் வருகிறது. ஓரத்தில் வெட்டியிருக்கும் அடையாளத்தைக் கொண்டு தடிப்பை அறியலாம். கழற்றிய பழைய கேஸ்கெட்டில் என்ன இருந்ததோ அதையே வாங்குவது போதாது, ஏனென்றால் இடையில் யாராவது பிளாக்கைச் சீவியிருக்கலாம் அல்லது பிஸ்டன் மாறியிருக்கலாம். டயல் கேஜை பிளாக்கின் முகத்தில் வைத்து, ஒவ்வொரு பிஸ்டனும் எவ்வளவு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து, அந்த அளவுக்கு உரிய கேஸ்கெட்டை வாங்குங்கள். எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சினில் ஹெட்டைச் சீவியிருந்தால், இன்ஜெக்டரின் முனை எவ்வளவு வெளியே வருகிறது என்பதையும் பார்த்துச் செப்பு வாஷரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழைய போல்ட்

நீளத்தை அளக்காமல் திரும்பப் போடாதீர்கள்.

ரசீதில் உயரத்தை எழுதி வாங்காமல் வருவது

பழைய ஹெட்டுக்கு ரசீது கொடுக்கும்போது எஞ்சின் வகையையும், நான்கு மூலைகளில் அளந்த உயரத்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

தம்பி கொண்டுவந்த அந்தப் பளபளக்கும் ஹெட்டை அன்று மாலையே இருவரும் அளந்தோம். முன்பக்கம் 93.6, பின்பக்கம் 93.4. அவர் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் வெர்னியரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூடுதலாக 300 வெள்ளி கொடுத்து இன்னொன்றை எடுத்து வந்தார். அதன் முகத்தில் பழைய கேஸ்கெட்டின் கறுத்த வளையங்கள் அப்படியே படிந்திருந்தன; நான்கு மூலைகளிலும் 93.95 காட்டியது. கேமை வைத்துச் சுற்றினோம், தடையில்லாமல் சுற்றியது. செவ்வாய்க்கிழமை அதை வெந்நீர்ச் சோதனைக்கு அனுப்பினோம்.