ஹெல்மெட்டைக் கழற்றியதும் ட்ரை ஷாம்பு அடிக்காதீர்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு தினமும் ஸ்கூட்டரில் போய்வருகிறவர்களின் தலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சுமார் 22 கிலோமீட்டர் ஓட்டி, ஹெல்மெட்டைக் கழற்றினால், நெற்றியோர முடி நனைந்து ஒட்டியிருக்கும், உச்சி படிந்து கிடக்கும். தினமும் தலைக்குக் குளித்துவிடலாம் என்றால் எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. முடி நார் நாராகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையிலோ காலையில் நனைத்த பின்னல் மாலை வரை காயாது. இப்படித்தான், தண்ணீர் இல்லாமலே தலையின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க அடிக்கும் ட்ரை ஷாம்பு ஸ்பிரே டப்பா ஒன்று என் மேசை இழுப்பறைக்குள் வந்து சேர்ந்தது.

முதல் நாளே சொதப்பினேன். ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு, வியர்வை ஈரம் காயாத தலையில் வகிட்டோரமாகப் புஸ் புஸ்ஸென்று அடித்துவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். "அக்கா, நேற்று கறுப்பாகத்தானே இருந்தது?" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண். அரிசிமாவுக் கோலத்தில் தூறல் விழுந்ததுபோல் வகிடு முழுக்க வெள்ளைத் திட்டு.

டப்பாவுக்குள் இருப்பது பெரும்பாலும் அரிசி அல்லது சோளத்திலிருந்து எடுத்த ஸ்டார்ச், சீக்கிரம் ஆவியாகும் ஆல்கஹால், கொஞ்சம் வாசனை, இவற்றை வெளியே தள்ளும் வாயு. ஸ்டார்ச்சின் வேலை, மண்டைத்தோல் சுரக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்வது மட்டும்தான். வியர்வை என்பது உப்புத் தண்ணீர்; அதன் மேல் மாவைத் தூவினால் பசைதான் மிஞ்சும். குளிர்நாட்டுப் பெண் வீடியோவில் செய்துகாட்டுவது நம் கடற்காற்றில் பலிக்காமல் போவதற்கு இதுதான் காரணம். முதலில் ஃபேனுக்குக் கீழே முடியைப் பிரித்துவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். தலை காய்ந்த பிறகு டப்பாவைத் தொடுங்கள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் கடலில் முங்கி எழுந்த தலைக்கும் இது உதவாது. உப்பும் மணலும் தண்ணீருக்குத்தான் அசையும்.

அடிக்கும் முறையிலும் கோட்டைவிடுகிறோம். டப்பாவைக் குலுக்காமல், தலையை ஒட்டிவைத்து, ஒரே இடத்தில் அடித்தால் மாவு அங்கேயே குவியும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேர்க்காலில் மட்டும் லேசாக அடித்தால் போதும். நுனி முடிக்கு வேண்டாம், அது ஏற்கெனவே வறண்டுதான் கிடக்கிறது. அடித்ததும் சீப்பை எடுக்காதீர்கள். இரண்டு, மூன்று நிமிடம் விட்டால்தான் மாவு எண்ணெயைக் குடிக்கும். பிறகு விரல் நுனியால் தேய்த்துவிட்டு வாருங்கள்.

காலையில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, மாலையில் கல்யாண வரவேற்பு என்றதும் இதை அடிப்பவர்களும் உண்டு. உள்ளங்கை நிறைய ஊற்றிய எண்ணெயைக் குடிக்க இந்த மாவால் ஆகாது. தலை களிமண் பூசியதுபோல் ஆகிவிடும். எண்ணெய் வைத்த தலையை வாரிப் பின்னி, மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு போனால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

டப்பாவுக்குப் பதில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தலையில் கொட்டுவதையும் விடுங்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024இல் டால்க்கை 'மனிதர்களுக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வரிசையில் சேர்த்தது. தலையில் தூவும்போது அது மூக்குக்குள்ளும் போகும் என்பதை மறக்க வேண்டாம். வீட்டுப் பொருள்தான் வேண்டும் என்றால் கூவைக்கிழங்கு மாவை நன்றாகச் சலித்து, வெள்ளை தெரியாமலிருக்கக் கொஞ்சம் கோகோ பொடி கலந்து, பழைய பிரஷ்ஷால் தொட்டு வைக்கலாம். என் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "என்னடி, தலைக்குப் பஜ்ஜி போடப் போகிறாயா?" என்று கேட்டார்.

வாயு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பல டப்பாக்களில் இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும். சமையல் சிலிண்டரில் இருப்பதும் அதே குடும்பம்தான். சாமி விளக்கு எரியும்போதோ, அடுப்படியிலோ, சாம்பிராணிக் கரண்டி புகையும்போதோ அடிக்கக் கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடாகவிடாதீர்கள் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் அதைப் போட்டுவைப்பதைவிடப் பெரிய அசட்டுத்தனம் இல்லை. கதவடைத்த குளியலறையிலும் வேண்டாம். 2022 அக்டோபரில் அமெரிக்காவில் யூனிலீவர் நிறுவனம், பென்சீன் கலந்திருக்கக்கூடும் என்று சில ட்ரை ஷாம்பு ஸ்பிரேக்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பென்சீன் இரத்தப் புற்றுநோயோடு தொடர்புடைய பொருள். அதற்காக வீட்டில் இருப்பதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்துவைத்து, மூச்சை இழுக்காமல் அடியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் ஸ்பிரேயைத் தவிர்ப்பதே நல்லது.

இதற்கெல்லாம் மேலான தவறு, பெயரில் ஷாம்பு இருப்பதால் தலை சுத்தமாகிவிட்டது என்று நம்புவது. அழுக்கு எங்கும் போவதில்லை. மாவோடு சேர்ந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இதை வைத்து ஓட்டக் கூடாது. 'கழுவாமல் பழக்கினால் தலை தானாகவே எண்ணெயைக் குறைத்துக்கொள்ளும்' என்பதும் கட்டுக்கதை. எண்ணெய்ச் சுரப்பை நடத்துபவை பெரும்பாலும் ஹார்மோன்கள். நீங்கள் எப்போது குளித்தீர்கள் என்று அவற்றுக்குத் தெரியாது. பொடுகு உள்ளவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை. பொடுகுக்குத் துணைபோகும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு மண்டைத்தோலின் எண்ணெய்தான் சாப்பாடு. நாள் தள்ளத் தள்ள அதற்கு விருந்து வைக்கிறோம். போதாக்குறைக்கு, உதிர்வது பொடுகா மாவா என்றும் தெரியாது. அரிப்போ சின்னச் சின்னக் கொப்புளமோ வந்தால் டப்பாவை ஓரம் கட்டிவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தலைக்குக் குளிக்கும் நாளில் வெறும் தண்ணீரை ஊற்றினால் மாவு கூழாகி ஒட்டும். முதலில் நன்றாக நனைத்து, ஷாம்பு போட்டு விரல் நுனியால் மண்டைத்தோலைத் தேய்த்து அலசி, இன்னொரு முறையும் போட வேண்டும். உப்புத் தண்ணீரில் நுரை குறைவாகத்தான் வரும். நுரை வரவில்லையே என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். கடைசி இரண்டு சொம்பு மட்டும் குடிதண்ணீராக இருந்தால் முடி கொஞ்சம் கேட்கும்.

என்றைக்குக் குளிக்க வேண்டும் என்று நாள்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. உச்சியில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். நகக்கண்ணில் வெள்ளையாகப் பிசுக்கு வந்தால், மேலுக்குக் குளித்துவிட்டுக் கிளம்பலாம் என்ற யோசனையை அன்றைக்கு விட்டுவிட்டு, அரை மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள்.