கேப்ஸ்யூல் ரீடிங்ல ஃபைஸ் மோடை எப்போ தட்டணும்

கேப்ஸ்யூல் எண்டோஸ்கோபி (கேமரா வெச்ச மாத்திரையை முழுங்க வெச்சு சிறுகுடலைப் படம் எடுக்கறது) ரீடிங் புதுசா ஆரம்பிக்கறவங்க நிறைய பேர் வீடியோ ஓப்பன் ஆன உடனே ஃபைஸ் (FICE, படத்தோட கலரை மாத்திக் காட்டற மோடு) ஆன் பண்ணிட்டு உட்காந்துடறாங்க, அது வேண்டாம். ஃபைஸ்ங்கறது கேப்ஸ்யூல்ல இருக்கற தனி லைட் எல்லாம் இல்ல, ஏற்கனவே எடுத்த படத்துல சில வேவ்லெங்த்தை மட்டும் சாஃப்ட்வேர் தூக்கிக் காட்டுது, அவ்ளோதான், படத்துல பதியாதது எந்த மோடுலயும் வராது.

அதனால முதல்ல மொத்த வீடியோவையும் சாதா வைட் லைட்லயே பாருங்க. செகண்டுக்கு 10 ஃப்ரேமுக்கு மேல போகாதீங்க, டியோடினத்துலயும் (சிறுகுடலோட முதல் பகுதி) அதுக்கு அடுத்த ஜெஜூனம் ஆரம்பத்துலயும் இன்னும் ஸ்லோவா, ஏன்னா அங்க கேப்ஸ்யூல் சர்ருன்னு ஓடிடும், ஒரு லீஷன் (குடல்ல பாதிப்பு இருக்கற இடம்) ஒரே ஒரு ஃப்ரேம்ல வந்துட்டுப் போயிடும்.

சந்தேகமா ஒரு ஃப்ரேம் வந்தா நிறுத்தி தம்ப்நெயில் எடுத்துக்கோங்க, அப்புறம் மோடை மாத்துங்க. பில்கேம்ங்கற கேப்ஸ்யூலோட சாஃப்ட்வேர்ல ஃபைஸ் 1, 2, 3, கூடவே புளூ மோடு இருக்கும். சிவப்பு சமாச்சாரம்னா 1 இல்ல 2. ஃபைஸ் 1 எடுத்துக்கறது 595, 540, 535 நானோமீட்டர், 540 பக்கம் ஹீமோகுளோபின் ஒளியை நல்லா உறிஞ்சும், அதான் ஆஞ்சியோஎக்டேசியா (விரிஞ்சு போன சின்ன ரத்தக்குழாய்க் கொத்து) சுத்தி இருக்கற மியூகோசால (குடலோட உள் சவ்வு) இருந்து பிரிஞ்சு தெரியுது, ஓரத்துல கிளை கிளையா போற ரத்தக்குழாயும் பிடிபடும். 3-ஆல எனக்கு பெருசா பிரயோஜனம் இருந்ததில்ல.

பைல் (பித்தநீர்) நிறைய இருந்தா மட்டும் உஷாரா இருங்க, கலர் மாறி அதுவே லீஷன் மாதிரி நிக்கும். முன்னாடி பின்னாடி நாலு ஃப்ரேம் தள்ளிப் பாருங்க, அழுக்கு தண்ணியோட நகரும், லீஷன் மடிப்போட ஒட்டிட்டே இருக்கும். இதுக்குத்தான் ப்ரெப் (டெஸ்ட்டுக்கு முன்னாடி குடலை சுத்தம் பண்றது) ஒழுங்கா இருக்கணும்னு கத்தறோம்: 2 லிட்டர் பெக் (PEG, குடலைக் கழுவற மருந்து), நுரைக்கு சிமெதிகோன், அயர்ன் மாத்திரையை ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தறது. குடல் அழுக்கா இருந்தா எந்த மோடும் உதவாது.

இன்னொண்ணு, ஃபைஸ்ல பாத்தா ஒண்ணுமில்லாத சிவப்புப் புள்ளி கூட பயங்கரமா தெரியும், பி0 எல்லாம் குவியும் (பி0 ரத்தம் கசியற வாய்ப்பு இல்லாதது, பி1 சந்தேகமானது, பி2 வாய்ப்பு அதிகமானது). பி1-ஐ பி2-ன்னு ஏத்தறதுக்கு முன்னாடி வைட் லைட்டுக்கு திரும்பி வந்து முடிவு பண்ணுங்க. ரிப்போர்ட்ல ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, டியோடினம் முதல் ஃப்ரேம்ல இருந்து லீஷன் வரைக்கும் எவ்ளோ நேரம், சீக்கம் (பெருங்குடல் ஆரம்பம்) வர எவ்ளோ நேரம்னும் எழுதிடுங்க, பலூன் என்டிரோஸ்கோபி (பலூன் வெச்ச குழாயை சிறுகுடலுக்குள்ள விட்டுப் பாக்கறது) பண்றவர் வாய் வழியா போகலாமா ஆசனவாய் வழியா போகலாமான்னு அதை வெச்சுதான் முடிவு பண்ணுவார்.